கயிறு அறுந்தாலும் அட்டை இருக்கும்

போன் திரையில் "எஸ்டி கார்டு பழுதாகியுள்ளது, ஃபார்மட் செய்யவும்" என்ற அறிவிப்பு வந்ததும், படங்கள் போய்விட்டன என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அறிவிப்பு அப்படிச் சொல்லவில்லை. கார்டில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் போனால் படிக்க முடியவில்லை, அதனால் புதுக்கணக்கு தொடங்க அனுமதி கேட்கிறது, அவ்வளவுதான். பழைய கணக்கு படிக்க முடியாமல் போனதற்கும் படம் அழிந்ததற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மீட்பு வேலை முழுவதும் அந்தத் தூரத்துக்குள்தான் நடக்கிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது ஒன்றே ஒன்று: பழுதான கார்டில் பெரும்பாலும் தொலைவது தகவலின் வரிசை, தகவல் அங்கேயே கிடக்கிறது. ஆகவே கோப்புகள் திரும்பக் கிடைக்குமா என்பதை மீட்பு மென்பொருளின் திறமையைவிட, கோளாறு தெரிந்த பிறகு அந்தக் கார்டில் என்னென்ன எழுதப்பட்டது என்பதே முடிவு செய்கிறது.

களம்பூரில் இதை விளக்க வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. அரிசி ஆலைகளுக்கும் பட்டுத் தறிகளுக்கும் பேர் போன ஆரணி வட்டாரத்து ஊர் அது. தறியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியே ஒரு தகவல் இயந்திரம். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய அந்த முறையில், ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கான கட்டளை. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும், இழை கீழேயே கிடக்கும். கரையில் ஒரு மயில் முழுசாக வந்து இறங்க வரிசையாகப் பல அட்டைகள் வேண்டும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் கோர்த்துச் சங்கிலியாகச் சுழலவிடுகிறார்கள். மயிலின் வடிவம் துளைகளில் இருக்கிறது. வரிசை கயிற்றில் இருக்கிறது. கயிறு அறுந்து அட்டைகள் தரையில் சிதறினால் ஒரு துளைகூட அடைபடாது, ஆனாலும் தறி நின்றுவிடும். அட்டையில் எண் போட்டிருந்தால் எண்ணைப் பார்த்துத் திரும்பக் கோர்க்கலாம். எண் இல்லையென்றால் துளைகளின் அமைப்பைப் பார்த்து எதற்கு அடுத்தது எது என்று ஊகித்துக் கோர்க்க வேண்டும். சிதறிக் கிடந்த அட்டைகளை எடுத்து அவற்றின் மேலேயே வேறு டிசைனுக்குத் துளை போட்டுவிட்டால்தான் பழைய மயில் திரும்பாது. மெமரி கார்டு மீட்பின் மூன்று நிலைகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

கார்டுக்குள் இருப்பது நேண்ட் ஃபிளாஷ் என்ற வகைச் சிலிக்கான் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987-ல் வெளியுலகுக்கு அறிவித்த தொழில்நுட்பம் அது. சுற்றிலும் மின்காப்பு உள்ள நுண்ணிய இடங்களில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதே அதில் எழுதுவது. மின்சாரம் நின்றாலும் எலக்ட்ரான்கள் எளிதில் வெளியேற வழி இல்லாததால் எழுதியது நிற்கும். 1999-ல் சான்டிஸ்க், மட்சுஷிடா, தோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்டி கார்டும், பிறகு போன்களுக்காக வந்த 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட மைக்ரோ எஸ்டியும் இந்தச் சில்லைச் சுமப்பவைதான். ஆனால் எது கல்யாணப் படம், எது முந்தானை டிசைன் என்ற வேறுபாடு சில்லுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது கோப்பு முறை. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையான கார்டுகளுக்கான தரநிர்ணயம் ஃபேட்32 முறையையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கானது எக்ஸ்ஃபேட் முறையையும் சொல்கிறது. இரண்டுக்கும் மூதாதை, 1977-ல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு ஃபிளாப்பி தட்டுகளுக்காக எழுதிய ஃபேட்.

ஒரே ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். அதன் அளவு 3 எம்பி, கார்டு 32 கேபி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். படம் 96 கட்டங்களில் உட்காரும். அதன் பெயர், தேதி, அளவு, முதல் கட்டத்தின் எண் ஆகியவை 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவில் இருக்கும். முதல் கட்டத்துக்கு அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்ற தொடர், கட்டத்துக்கு 4 பைட் வீதம் 384 பைட்டுகளாக ஃபேட் அட்டவணையில் இருக்கும். படம் 31 லட்சம் பைட், அதைக் கண்டுபிடிக்க உதவும் கணக்கு 416 பைட். படத்தை அழிக்கச் சொன்னால் ஃபேட்32 செய்வது என்ன? பதிவின் முதல் பைட்டை 229 என்ற எண்ணாக மாற்றுகிறது, அட்டவணையின் 96 இடங்களிலும் சுழியம் போடுகிறது. 31 லட்சம் பைட்டுகளில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. மீட்பு மென்பொருள் காட்டும் பட்டியலில் பல பெயர்கள் முதல் எழுத்து மட்டும் இல்லாமல், அந்த இடத்தில் ஒரு கோடோ கேள்விக்குறியோ நிற்பது இதனால்தான். எக்ஸ்ஃபேட் இன்னும் சிக்கனம். அது பதிவில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லும் ஒரு பிட்டை அணைத்து, அந்தக் கட்டங்கள் காலி என்று குறித்துக்கொள்கிறது. பெயரும் தொடக்கமும் அளவும் அப்படியே கிடக்கின்றன. விரைவு ஃபார்மட்டும் இதே வகை வேலைதான். 32 ஜிபி கார்டின் அட்டவணை ஏறத்தாழ 4 எம்பி. அதையும் அதன் பிரதியையும், கூடவே முதன்மைப் பட்டியலையும் காலி செய்துவிட்டு மீதியைத் தொடாமல் விட்டுவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ கார்டைப் பிடுங்கினாலோ ஏற்படும் பழுதும், அட்டவணையில் பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றுபோவதால்தான் பெரும்பாலும் வருகிறது.

தாளில் போடும் கணக்கு நடைமுறையில் நிற்குமா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவின் எம்ஐடியில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை, பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்த 129-ல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து கிடைத்தவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் இருந்தன. அது காந்தத் தட்டு, ஃபிளாஷ் வேறு என்று மறுக்கலாம். வேறுதான், ஆனால் வேறுபாடு நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் பக்கம் இருக்கிறது. ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத் துடைத்த பிறகே அதில் எழுதலாம். அதனால் சில்லை நிர்வகிக்கும் கண்ட்ரோலர், மாற்றப்பட்ட தகவலை வேறு இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாது என்று குறித்து வைக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மைக்கேல் வெய், ஸ்டீவன் ஸ்வான்சன் உள்ளிட்டோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபிளாஷ் சேமிப்பில் ஒரு தனிக் கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் முறைகள் எவையும் நம்பகமாக வேலை செய்யவில்லை. வேண்டுமென்றே அழிக்க முயன்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், தற்செயலாகக் கணக்கு குலைந்த கார்டில் படங்கள் கிடப்பதில் வியப்பில்லை.

அப்படிக் கிடப்பதை எடுப்பது எப்படி? முதல் நிலை, கணக்கில் மிஞ்சியதைக் கொண்டு கோர்ப்பது. ஃபேட் அட்டவணைக்குக் கார்டிலேயே ஒரு பிரதி உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது உதவலாம். அழிந்த பதிவிலும் தொடக்க எண்ணும் அளவும் இருப்பதால், கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தால் கோப்பு பெயரோடு திரும்பும். இரண்டாம் நிலை, கணக்கே இல்லாதபோது கோப்பின் உடலை வைத்து அடையாளம் காண்பது. ஜேபெக் படம் எதுவானாலும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். 255, 217 என்ற இரண்டில் முடியும். கார்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டே போய், இந்தத் தொடக்கம் வரும் இடத்தில் வெட்டத் தொடங்கி முடிவில் நிறுத்தினால் ஒரு படம் கையில் வரும். பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிவரும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. இப்படி எடுத்த படத்துக்குப் பழைய பெயரும் ஃபோல்டரும் இருக்காது. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் கேமராவின் விவரமும் படத்தின் உள்ளேயே பதிந்திருப்பதால் அவற்றைக் கொண்டு வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அட்டையில் போட்ட எண் மாதிரி அது உதவுகிறது. மீட்புப் பட்டியலில் தீப்பெட்டி அளவில் மங்கிய படங்கள் குவிந்து கிடப்பதற்கும் காரணம் இதே முறைதான். படத்தின் உள்ளே முன்னோட்டத்துக்காகப் பொதிந்திருக்கும் சிறு பிரதியும், கேலரி செயலி சேமித்து வைத்த சிறு பிரதியும் அதே மூன்று பைட்டுகளில் தொடங்குகின்றன.

இவ்வளவு எளிதென்றால் சர்வீஸ் கடையில் கொடுத்த கார்டிலிருந்து பாதிப் படங்கள் திறக்காமலே வருவது ஏன் என்ற கேள்வி எழும். வரிசைதான் தொலைந்தது என்று சொன்னோம். வரிசை தொலைவது சின்ன இழப்பு என்று சொல்லவில்லை. ஒரு கோப்பு தொடர்ச்சியான கட்டங்களில் இருந்தால் மட்டுமே தொடக்கத்தைப் பிடித்து முடிவுவரை வெட்டுவது பலிக்கும். நிரம்பி வழியும் கார்டில் நடுநடுவே அழித்து, அந்த ஓட்டைகளில் புதுப் படங்கள் போய் உட்கார்ந்திருந்தால், ஒரு படத்தின் முதல் பாதி ஓரிடத்திலும் மறுபாதி வேறிடத்திலும் இருக்கும். மேல்பாதி சேலையாகவும் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகவும் தெரியும் படங்கள் அப்படிப் பிறந்தவை. வீடியோவில் சிக்கல் இன்னும் கூடுதல். எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற உள்பட்டியலை, பதிவு முடிந்த பிறகே போன் கேமராக்கள் பொதுவாக எழுதுகின்றன. பதிவின் நடுவில் போன் அணைந்தால் காட்சிகள் எல்லாம் கார்டில் இருந்தும் வீடியோ ஓடாது. அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து அந்தப் பட்டியலைப் புதிதாகக் கட்டும் கருவிகள் உண்டு; சில நேரம் பலிக்கும். இந்தத் தோல்விகளை உற்றுப் பார்த்தால் அவையும் வாதத்துக்குள்ளேயே நிற்கின்றன. தகவல் இருந்தும் வரிசை ஊகிக்க முடியாதபோது கோப்பு அரைகுறையாக வருகிறது. மூன்றாம் நிலையில், அதாவது தகவலின் மேல் வேறு தகவல் எழுதப்பட்டுவிட்டால், வருவதே இல்லை.

பழுதைச் சரிசெய்ய விண்டோஸ் தானே ஒரு வசதி தருகிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்பது அடுத்த கேள்வி. கார்டைச் செருகியதும் ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று அது கேட்கும். ஒப்புக்கொண்டால் செக் டிஸ்க் ஓடும். அதன் பொறுப்பு கணக்கை முரண் இல்லாமல் ஆக்குவது. எந்தக் கோப்புக்கும் சேராத கட்டங்களை ஒரு தனி ஃபோல்டரில் பெயரற்ற துண்டுகளாக ஒதுக்கும், அல்லது காலி என்று அறிவித்துவிடும். கணக்கு நேராகிவிடும், கார்டும் திறக்கும். ஆனால் குலைந்த பழைய கணக்கில் மிச்சமிருந்த தடயங்கள் அந்தத் திருத்தத்தில் அழிந்துபோகும். சிதறிய அட்டைகளை ஆராயாமல் அவசரத்தில் ஒரு வரிசையில் கோர்த்துவிட்டு, பழைய கயிற்றைத் தூக்கிப் போடுவதற்குச் சமம் அது. பூமிக்கு வெளியே நடந்த ஒரு பழுது இங்கே பாடம். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, 21-ஆம் தேதி ஒழுங்கான தொடர்பை இழந்து, மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அதன் 256 எம்பி ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் மிகுந்துபோய், டாஸ் வகைக் கோப்பு முறையின் பட்டியல் தனக்கு ஒதுக்கிய தற்காலிக நினைவகத்தில் கொள்ளவில்லை. பொறியாளர்கள் எடுத்த முதல் நடவடிக்கை ஃபிளாஷைச் சரிசெய்வது அல்ல. ஃபிளாஷைத் தொடாமலே ஊர்தியை எழுப்பக் கட்டளை அனுப்பியதுதான். நிலைமை புரிந்த பிறகே தேவையற்ற கோப்புகளை நீக்கி, பின்னர் ஃபார்மட் செய்தார்கள். முதலில் கைவைக்காமல் நிறுத்து, பிறகு ஆராய், கடைசியாக ஃபார்மட் என்ற வரிசை கையிலிருக்கும் கார்டுக்கும் பொருந்தும்.

படம் எதுவும் எடுக்காமல், சும்மா செருகிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். இதற்குப் பதில் நீதிமன்றத்திலிருந்தே கிடைக்கிறது. கேரளத்தில் ஒரு குற்ற வழக்கின் சான்றான மெமரி கார்டைப் பற்றி, அதில் உள்ள பதிவு ஓர் ஆவணம் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் காவலில் இருந்த அந்தக் கார்டின் ஹாஷ் மதிப்பு மாறியிருந்ததைத் தடயவியல் ஆய்வு பிற்பாடு கண்டுபிடித்தது. ஹாஷ் என்பது ஒரு கோப்பின் அல்லது முழுக் கார்டின் எல்லா பைட்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் முத்திரை எண். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். வீடியோக்களின் தனி ஹாஷ் மாறவில்லை, கார்டின் மொத்த ஹாஷ் மாறியிருந்தது. கோப்புகளைத் தொடாவிட்டாலும் கார்டில் எழுத்து நடந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஆண்ட்ராய்டு போனில் கார்டைச் செருகினாலே போதும், போன் தனக்கு வேண்டிய ஃபோல்டர்களை உருவாக்கும், செயலிகள் சிறு கோப்புகளை எழுதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம், மின்னணுச் சான்றுக்கான 63-ஆம் பிரிவின் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்பதும் இந்தக் காரணத்தால்தான். வீட்டுப் படங்களுக்கு முத்திரை எண் தேவையில்லை. ஆனால் போன் எழுதும் அந்தச் சிறு கோப்பு எந்தக் காலிக் கட்டத்தில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. அது மீட்க நினைக்கும் படத்தின் கட்டமாகவே இருக்கலாம். ஆகவே கார்டைப் போனிலிருந்து கழற்றி, அடாப்டரில் வைத்து, அதன் ஓரத்தில் உள்ள சிறு பூட்டைத் தள்ளி, ரீடர் வழியாகக் கணினியில் முழுக் கார்டையும் பைட் பைட்டாக ஒரே கோப்பாக நகல் எடுக்க வேண்டும். விநாடிக்கு 20 எம்பி வேகம் என்றால் 32 ஜிபி கார்டுக்கு அரைமணி நேரத்துக்குள் முடியும். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவிகள் நோஞ்சான் கார்டுகளுக்கு ஏற்றவை. அதன்பின் எந்தச் சோதனையும் அந்த நகலில் மட்டுமே. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிப்பது, மீட்க வேண்டியவற்றின் மேலேயே எழுதுவதாக முடியும்.

கணினியில் செருகியும் கார்டு இருப்பதே தெரியவில்லை என்றால் இந்த வாதம் என்ன ஆகும்? கார்டுக்குள் சில்லு மட்டும் இல்லை, ஒரு சிறு கணினியே இருக்கிறது. ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங், ஷான் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில், மைக்ரோ எஸ்டிக்குள் உள்ள அந்தக் கண்ட்ரோலரில் தங்கள் நிரலையே ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். இந்தக் கண்ட்ரோலர் செத்துவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. கார்டின் மேல்பூச்சைச் சுரண்டி, உள்ளே மறைந்திருக்கும் தொடுமுனைகளில் கம்பி வைத்து, சில்லை நேரடியாகப் படிக்கும் ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும். கண்ட்ரோலர் தகவலைக் குலுக்கி, பிழைதிருத்தக் குறியீடு சேர்த்து, பல இடங்களில் பரப்பி எழுதியிருப்பதால், அங்கேயும் வேலையின் பெரும்பகுதி வரிசையைத் திரும்பக் கட்டுவதே. செலவு கூடுகிறது, கொள்கை மாறவில்லை. உண்மையாகவே விதிவிலக்கு போலிக் கார்டுகள். உறையில் 128 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே சில ஜிபி சில்லை வைத்து, பெரிய அளவைப் பொய்யாகச் சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றி விற்கிறார்கள். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு எழுதும் படங்கள் எங்கும் போவதில்லை, அல்லது பழைய படங்களின் மேலேயே விழுகின்றன. பட்டியலில் பெயரும் அளவும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. இங்கே வரிசை பத்திரம், தகவல்தான் இல்லை. வாங்கிய அன்றே கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதை வாசித்துச் சரிபார்க்கும் எஃப்3 போன்ற கருவியை ஓட்டிப் பார்த்தால் இந்த ஏமாற்று வெளிப்படும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிமேல்தான். இதுவரை சொன்னது கழற்றி மாட்டும் கார்டுக்குப் பொருந்தும். போனின் உள்நினைவகத்தில் அழிந்ததை இப்படி எடுக்க முடிகிறதா? பெரும்பாலும் முடியாது. ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பு 2013-லேயே, காலியான இடங்கள் எவை என்று சில்லுக்குச் சொல்லித் துடைக்கவிடும் வசதியைக் கொண்டுவந்தது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்யும் முறையைத் தந்தது. சாவி போனால், எஞ்சியிருக்கும் பைட்டுகள் அர்த்தமில்லாத இரைச்சல். 2015-ன் ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டையே உள்நினைவகமாக ஏற்கும் தெரிவும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவரின் கார்டு குறியாக்கம் செய்யப்பட்டு, சாவி அந்தப் போனுக்குள்ளேயே தங்கிவிடும். போன் உடைந்தால் கார்டு நன்றாக இருந்தும் உதவாது. கயிற்றோடு துளைகளின் பொருளும் சேர்ந்து போய்விடும் ஏற்பாடு இது. ஆகவே வாதத்துக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: சேமிப்பு மலிவாகவும் எளிமையாகவும் இருக்கும் இடத்தில்தான் அழிந்தது மிஞ்சுகிறது.

அந்த எல்லை சொல்லும் செய்தி முக்கியமானது. அழித்த படம் கார்டில் மிஞ்சுவது யாரும் நமக்காகத் திட்டமிட்டுத் தந்த பாதுகாப்பு இல்லை. 1977-ன் ஃபிளாப்பியில் நேரம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாட்டின் பக்கவிளைவு அது. அந்தப் பக்கவிளைவு நன்மையாகவும் தீமையாகவும் வேலை செய்கிறது: படம் தொலைத்தவருக்கு அதைத் திருப்பித் தரும் அதே குணம், பழைய கார்டை விற்றவரின் குடும்பப் படங்களை வாங்கியவர் கையில் கொடுக்கிறது. விற்பதற்கு முன் கார்டு முழுவதும் ஒருமுறை எழுதி நிரப்பிவிடுவது அவற்றைச் சாதாரண ஆட்களின் மென்பொருளுக்கு எட்டாமல் செய்துவிடும். தனியுரிமைக்காகக் குறியாக்கமும் துடைப்பும் பரவப் பரவ, மீட்பின் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. அது சுருங்குவது சரியும்கூட. ஒரு நெசவாளர் குடும்பம் சேர்த்து வைத்த டிசைன் படங்களும், சேலை அனுப்பியதற்கான ரசீதுப் படங்களும், இல்லாமல் போன பெரியவர்களின் வீடியோக்களும் ஒரே கார்டில் இருந்தால், அவற்றின் ஆயுள் 4 எம்பி அட்டவணை ஒன்றைச் சார்ந்திருக்கிறது. கணினியில் ஒன்று, வேறொரு கார்டிலோ கிளவுடிலோ இன்னொன்று என இரண்டு நகல் இருந்தால் அந்த அட்டவணை குலைவது ஒரு தொந்தரவாக மட்டும் முடியும். நகல் இல்லாதவருக்கு மீட்புக் கலை இன்னும் சில காலம் கைகொடுக்கும், அவர் கார்டை உடனே கழற்றி வைத்திருந்தால்.